நிற்காமல் ஓடிய திரை

இன்று மதியம் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் கம்ப்யூட்டர் திரை ஓடத் தொடங்கியது. ஒரே வரி, மேலிருந்து கீழாக, நிற்காமல். எண் கேட்ட இடத்தில் எழுத்தை அடித்திருக்கிறாள். "சார், என்னமோ ஆயிடுச்சு" என்று பதறினாள். எழுந்து போய் நிறுத்திக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. நீ போய் எட்டு மாதமாகிறது. உன்னிடம் சொல்லாமல் ஒன்றை வைத்துக்கொண்டே இருந்து அலுத்துவிட்டது மச்சான்.

சிதம்பரத்தில் நம் காலேஜ் லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நான் கடலூரிலிருந்தும் நீ காட்டுமன்னார்கோயிலிலிருந்தும் பஸ் பிடித்து வருவோம். ஒருவன் நோட்டைப் படிப்பான், ஒருவன் அடிப்பான். ரெக்கார்டு நோட்டில் உள்ள புரோகிராம் எல்லோருக்கும் மனப்பாடம். அது மார்க் கேட்கும், எதையோ அடிப்போம், விடை வரும், மேடத்திடம் கையெழுத்து வாங்குவோம். நீ மட்டும் அதோடு விடமாட்டாய். யாராவது நூறுக்கு மேல் அடித்தால் மறுபடி கேட்க வேண்டும், சரியாக அடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒரு லூப்பைப் போடுவாய்.

"மார்க்குக்கு இதெல்லாம் ஜாஸ்திடா" என்பேன்.

"எங்கப்பா மஞ்சக்குப்பத்துல ஒரு ஆபீசுல ஃபாரத்த தப்பா எழுதிட்டாரு. இன்னொரு ஃபாரம் குடுத்தா என்ன? நாளைக்கி வான்னு அனுப்பிட்டாங்க. மில்லுல ரெண்டு நாள் லீவு போச்சு மச்சான். மெஷினாவது திரும்பக் கேக்கட்டுமே."

கடைசி செமஸ்டர் செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் மேடம் உன் புரோகிராமை ஓட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இவனப் பாத்துக் கத்துக்க" என்று என்னிடம் சொன்னார். அப்போது உன் கையில் சென்னைக் கம்பெனியின் வேலை இருந்தது. எல்லாத் தாளும் ஒரே தடவையில் பாஸாக வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. எனக்கு எதுவும் கிடைத்திருக்கவில்லை. வயிறு எரிந்தது. அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நீ பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, உன் புரோகிராமில் எதையாவது குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே உட்கார்ந்தேன். மார்க் கேட்ட இடத்தில் ஓர் எழுத்தை அடித்தேன். திரை வெறி பிடித்தமாதிரி ஓடியது. பக்கத்திலிருந்த சீனியர் எட்டிப் பார்த்தார். "எழுத்து உள்ளயே தங்கிடும்பா. லூப்பு புதுசா கேக்காது, அந்தப் பழசையே எடுத்துக்கும். அதத் தொடைக்க ஒரு வரி போடணும்" என்று சொல்லிக் காட்டியும் கொடுத்தார். மறுநாள் தேர்வுக்கு முன்னால் அரை மணி நேரம் நாம் லேப் வாசலில் ஒன்றாக நின்றோம். ஒரே ஒரு வரி. நான் பஸ் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "இந்தப் பையன் பரீட்சைக்கே வரல. என்ன போடுவ?" கேட்டுவிட்டு, மார்க் ஷீட்டில் ஆப்சென்ட்டுக்குப் போடுவதுபோல் அவரே ஏபி என்று அடித்தார். திரை ஓடியது. அவர் ஸ்விட்சை அணைத்துவிட்டார். நீ சேமித்திருக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினாய், பாதியில் நேரம் முடிந்தது. அடுத்த முறை எழுதி நல்ல மார்க் வாங்கினாய், ஆனால் அந்த வேலை அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது.

நீ மேல வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தாய். வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலை. நான் மறு வருடம் சென்னைக்குப் போனேன். ஒரு பொங்கல் லீவில் உன்னைப் பார்க்க வந்தபோது ஒரு அம்மாவுக்கு நிரப்பிக்கொண்டிருந்தாய். "பொறந்த தேதி இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்று மூன்று முறை கேட்டாய். அவர் போன பிறகு, திரையைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டாய்.

"மச்சான், அந்த எழுத்து மேட்டரு ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுடா."

"சரி விடு. டீ சொல்லட்டா?"

டீ வந்தது, குடித்தோம், ஊர்க்கதை பேசினோம். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை பார்த்தோம். நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கடைசியாக மஞ்சள்காமாலையில் நீ படுத்திருந்தபோதும் வந்தேன், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதுவும் பொய்தான். நீ கேட்காமலே நான் சொல்லியிருக்க வேண்டும்.

தெரியும்டா. முந்தின நாளே தெரியும்.