இன்னொரு மெஷினில் கிருஷ்ணா பாஸ்கல்

ஸ்ரீ:
திருப்பதி
19-2-1996

ஸ்ரீகிருஷ்ணா அவர்களுக்கு,

விஷ்ணுப்ரியா நமஸ்காரம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் க்ஷேமம். உங்கள் அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. கோவிந்தராஜர் சன்னிதிக் கைங்கர்யத்துக்கு மறுபடி போகிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய தைலத்தின் வாசனை பிடிக்கவில்லையாம்.

உங்கள் கவர் வெள்ளிக்கிழமை வந்தது. விசா பேப்பர்களைப் பார்த்ததும் அம்மா அவற்றைப் பெருமாள் முன்னால் வைத்துவிட்டாள். கூட இருந்த கடிதத்தை நான் தனியாகப் படித்தேன். உங்கள் கம்பெனி பழைய பிசிகளை எடுத்துவிட்டு யூனிக்ஸ் மெஷின் போடுகிறது. நீங்கள் இங்கிருந்து கொண்டுபோன கிருஷ்ணா பாஸ்கல் அதில் ஓடவில்லை. அதனால் நான் உடனே கிளம்ப வேண்டும், சித்தூரில் ஓடுகிற டிஸ்க்கையும் கொண்டுவர வேண்டும். வீடு சின்னது, குளிர் தாங்க மாட்டாய், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மூன்று வருஷமாக எழுதினீர்கள். இப்போது வீடு பெரிதாகிவிட்டதா?

சித்தூரில் நடந்ததை நீங்கள் கேட்டதே இல்லை. போன சீசனுக்கு முன்னால் மாம்பழக்கூழ் ஃபாக்டரியில் கம்ப்யூட்டரை மாற்றினார்கள். நாம் இரண்டு பேரும் காலேஜ் லேபில் உட்கார்ந்து எழுதிய கம்ப்யூட்டர் மொழி அங்கே நின்றுவிட்டது. லட்சம், கோடி என்று கமா போடுவது, பைசா பிசகாமல் கூட்டுவது, இதெல்லாம் பாஸ்கலில் இல்லாமல் நாம் சேர்த்தவை. அது இல்லாமல் விவசாயிகளுக்கு பில் போட முடியாது. மேனேஜர் ஆதிநாராயணன் உங்களுக்கு போன் செய்தார். வேறு மெஷினில் அது ஓடவே ஓடாது, பழையதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்களாம். என் ஒய்ஃபைக் கேட்காதீர்கள், அவள் டைப் அடித்துக் கொடுத்தவள் என்றும் சொன்னீர்களாம். இதை என்னிடம் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வேற யாரையும் தெரியாதும்மா, மீரே சூடண்டி, நீங்களே பாருங்கள் என்றார்.

டைப் அடித்தவள். அந்த மொழியில் பாதி யாருடையது என்று லேபில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பெயர் வைக்கும்போது மட்டும்தான் நீங்கள் தனியாக இருந்தீர்கள்.

தினமும் காலை பஸ்ஸில் சித்தூர் போனேன். ஆத்து மாட்டுப்பொண் ஃபாக்டரி வாசல்ல போய் நிக்கறதா என்று அம்மா சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். அப்பாதான் பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். நீங்கள் எழுதியது முழுக்க அந்த ஒரு சிப்பை நம்பியே இருந்தது. மெஷினைத் தொடும் பாகத்தைத் தனியாகப் பிரிக்கலாம் என்று அப்போதே சொன்னேன். வேகம் குறைந்துவிடும் என்று எல்லோர் எதிரிலும் கத்தினீர்கள். இந்தத் தடவை கத்த யாருமில்லை, பிரித்துவிட்டேன். மேலே மொழி, கீழே மெஷின், நடுவில் எந்த மெஷினுக்கும் சொந்தமில்லாத சின்னச் சின்னக் கட்டளைகள். இனி புது மெஷின் வந்தால் கீழ்ப்பாகத்தை மட்டும் எழுதினால் போதும். முதல் லாரி வந்த அன்று பில் சரியாக வந்தது. ஆதிநாராயணன் ஒரு கூடை மல்கோவா கொடுத்தனுப்பினார். அம்மாதான் முதல் பழத்தை நறுக்கினாள்.

இதை அப்போதே உங்களுக்கு எழுதினேன். பதிலில் குளிரைப் பற்றி எழுதியிருந்தீர்கள்.

டிஸ்க்குகளைத் தனிப் பார்சலாக இன்று அனுப்பிவிட்டேன். உங்கள் மெஷினுக்காக மாற்ற வேண்டிய இடங்களைக் குறித்திருக்கிறேன், உங்களால் முடியும். ஓடத் தொடங்கியதும் திரையில் இரண்டு பேர் பெயரும் வரும். என் பெயரை எடுப்பது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. எடுத்தால் எனக்குத் தெரியவும் போவதில்லை.

விசா பேப்பரில் நான் கையெழுத்துப் போடவில்லை. அம்மா அழுதுகொண்டிருக்கிறாள். ஏன் என்று அப்பா கேட்டார். உங்கள் பிள்ளை கேட்டது டிஸ்க்கை, அதை அனுப்பியாயிற்று என்றேன்.

இனி நான் வந்துதான் ஆகவேண்டிய வேலை அங்கே எதுவும் இல்லை. பார்சல் வந்து, மெஷினும் ஓடி, அதற்குப் பிறகும் என்னை வரச்சொல்லத் தோன்றினால் எழுதுங்கள். அதில் கம்பெனியைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். தோன்றாவிட்டால் எழுதவே வேண்டாம்.

பெருமாள் உங்களைக் காப்பாற்றட்டும். பனியில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போங்கள்.

விஷ்ணுப்ரியா