இரங்கல் ஓலைக்கு மறு ஓலை: மன்னர் வேது பிடித்த விவரம்

“போர்வையை எடுங்கள் நாச்சியாரே, எடுங்கள் என்கிறேன்—”

“கையை வைத்தீரோ, கொதிபானையை உம் காலில் கவிழ்ப்பேன்—”

“மன்னர் முகத்தைத் துணியால் மூடுவதா! ஐயோ, அபசாரம்—”

“மூக்கு அடைத்தால் மன்னனென்ன, மாடு மேய்ப்பவனென்ன? தள்ளி நில்லுமய்யா!”

தங்கள் ஒற்றர் இப்பேச்சில் பாதியைக் கேட்டு, மீதிக்கு நில்லாமல் ஓடிவிட்டமையால், ஓலையின் தலைமாட்டிலேயே அது முழுதும் எழுதப்பட்டது. வாழ்த்து இனி வருகிறது.

மழை பொய்யாத கார்முகை நாடுடைய மன்னர் ஆதன்குமரவேளின் அரண்மனையிலிருந்து, மன்னரின் அத்தையாரும் முத்திரை காப்பவருமான பெரிய நாச்சியார் அவனிநங்கையார் ஆணைப்படி எழுதியது. வாடைக்கோட்டு நாடுடையாரும், வாளை உருவினால் உறை தேடத் தெரியாதவரும், பக்கத்து வீட்டுத் துக்கத்துக்குச் சேனையோடு வருபவருமான எயினதரையர் திருமுன் காண்க. தங்கள் குலம் வாழ்க, கொடி வாழ்க, மூக்கும் வாழ்க.

நடந்தது இது. ஐப்பசி மழையில் பன்றி வேட்டை வேண்டாமென்று நாச்சியார் சொல்லியும் கேளாத மன்னர், பன்றி இல்லாமல் நீர்க்கோவையோடு திரும்பினார். இரு நாசியும் அடைத்துப் புருவத்தின்மேல் பாறை வைத்தாற்போல் கனத்தது. படுத்தால் மூச்சில்லை, உண்டால் சுவையில்லை. அரண்மனை மருத்துவர் முத்துப்பற்பம் என்றார், மரகதக் குளிகை என்றார், குளிகைக்கு நாள் பார்க்கவேண்டும் என்றார். நாள் பார்க்க அவர் போன கையோடு நாச்சியார் பானையில் நீரைக் கொதிக்கவிட்டு, நொச்சித்தழையும் மஞ்சளும் போட்டு, மன்னரை முக்காலியில் இருத்தி, “குனி. வாயை மூடு. மூக்கால் இழு” என்று வேதின் ஆவி வெளியேறாதபடி அவர் தலைமேல் கம்பளியை விரித்தார். விரித்த கை சற்று நின்றது. தம் தமையனாரின், அதாவது இம்மன்னரின் தந்தையாரின் முகத்தை மூடியதும் அந்தக் கைதான். தாங்கள் எள்ளினாலும் இதையும் எழுதுக என்றார்.

நம் இரு நாட்டு வழக்கமும் ஒன்று. முன்னோர் ஒரு வயிற்றுப் பிள்ளைகளல்லவா? மன்னரின் முகத்தைத் துணி மூடுவது ஒரே ஒரு நாளில். அன்று அதைக் காண அவருக்குக் கொடுத்துவைப்பதில்லை. ஆகவே சடங்குமுறை காக்கும் காளத்தியப்பர் ஓடிவந்து கூச்சலிட, நாச்சியார் அதற்கும் மேலே கூச்சலிட, நடுவில் மன்னர் அத்தை சொன்ன சொல் தவறாது வாய் திறவாமல் இருந்தார். சாளரத்துக்கு வெளியே பூக்காரராய் நின்ற தங்கள் ஒற்றர் கம்பளியைப் பார்த்தார். அசையாத உருவத்தைப் பார்த்தார். கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். பூக்கள் நல்ல பூக்கள். இன்னும் சற்று நின்றிருந்தால், செத்தவர் தும்மியதையும் கேட்டிருப்பார்.

அதன்பின் தாங்கள் காட்டிய வேகம் இருக்கிறதே! அடுப்பில் மிளகுச்சாறு கொதிக்குமுன் தங்கள் இரங்கல் ஓலை வந்தது. சிதைக்குச் சந்தனக்கட்டை வந்தது. கோடித்துணி வந்தது. கோடியின் வாலைப் பிடித்தாற்போல் யானையும் குதிரையும் ஆற்றைக் கடந்து எங்கள் கரைத்தோப்பில் இறங்கின. அரசில்லா நாட்டை உடன்பிறப்பின் உரிமையால் காக்க வந்தோம் என்று தங்கள் தூதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிந்தார். உள்ளேயிருந்து மன்னர் சாற்றை உறிஞ்சியபடியே வந்து எட்டிப் பார்த்தார்.

“யாருக்கு அத்தை இந்தக் கோடி?”

“உனக்குத்தான் ராசா. நீளம் போதுமா, பார்.”

தூதர் துடைத்த கண்ணை மறுபடியும் துடைக்க வேண்டியதாயிற்று, இம்முறை மெய்யாகவே.

கோடியைக் கிழித்து, வறுத்த ஓமத்தைப் பொட்டலம் கட்டினோம். மன்னர் அதை முகர்ந்தபடியே உறங்கினார். சந்தனம் பயன்படவில்லை. சளி பிடித்தவனுக்குச் சந்தனம் ஆகாதென்பது வாடைக்கோட்டில் ஒருவருக்குமா தெரியாது என்று நாச்சியார் வியந்தார்.

இனித் தங்கள் காரியம். ஈரத்தோப்பில் கிடக்கும் தங்கள் சேனையின் தும்மல் எங்கள் மதில்வரை கேட்கிறது. தங்களுக்கும் மூக்கடைத்து, சினந்து பேசப் புகுந்தால் பாதியிலே மூச்சு வாங்குகிறதென்று தூதரே வாய்தவறிச் சொன்னார். பகையாயினும் மூக்கு மூக்குதான். ஆதலால் சுக்கை வெந்நீரில் உரைத்து நெற்றியில் பற்றிடுக. கொதித்து ஆறிய நீரில் சிறிது உப்பிட்டு, இளஞ்சூட்டில் மூக்கைக் கழுவுக. ஆற்றுநீரை அப்படியே ஏற்றிக்கொள்ள வேண்டா, அந்த ஆறும் எங்களுடையது. தலையை உயர்த்திப் படுக்க. அதற்கென்று எங்கள் மகுடத்தைத் தேட வேண்டா. இவற்றால் கொஞ்சம் இளகும். நன்றாக இளக வேது பிடிக்கவேண்டும். வேதுக்குத் தலையை மூடியே ஆகவேண்டும்.

அங்கேதான் தங்களுக்குச் சங்கடம். பாசறையில் தலைமூடிய அரையரைக் கண்டால் எவன் எந்தப் பக்கம் ஓடுவான் என்று யார் அறிவார்? தலைநகரில் தங்கள் தம்பியார் இருக்கிறார். இரங்கல் ஓலை எழுத அவருக்கும் வரும்; தங்களிடம் பயின்றவர்தானே.

ஆணையாவது: நாளைப் பொழுது உச்சிக்கு ஏறுமுன் தங்கள் சேனை ஆற்றைக் கடந்து மீள்க. மீளாவிடின், இரு நாசியும் திறந்த எங்கள் மன்னர் கோட்டை வாயிலையும் திறந்துகொண்டு வந்து, தாம் உயிரோடிருப்பதைத் தங்களுக்கு நேரில் மெய்ப்பிப்பார். இதற்குச் சான்றாக மரங்கொத்தி முத்திரை இடப்பட்டது.

அரக்கு ஆறுமுன், ஓலைக்குக் கைநீட்டி நின்ற தங்கள் தூதரிடம் நாச்சியார் கேட்டதும் அவர் சொற்படியே சேர்க்கப்படுகிறது:

“எங்கள் பிள்ளைக்குப் போர்வை போர்த்தினதும் நான், எடுத்துவிட்டதும் நான். உங்கள் அரையருக்குப் போர்த்திவிட நூறு பேர் வருவார்கள். எடுத்துவிட யார் இருக்கிறார், தூதரே?”