மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஜூன் 4
பக்கத்து வீட்டு மீட்டர் மாமா மறுபடியும் புகார் கொடுத்துவிட்டார். சத்தம் அளக்கும் மீட்டரைச் சொந்தமாகக் காசு போட்டு வாங்கி வைத்திருக்கும் ஒரே ஜீவன் இந்தத் தெருவில் அவர்தான். நகராட்சி ஆள் வந்து, ஏழு மணிக்கு மேல் டிரம்ஸைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மொபைல் கடையில் எனக்கு வேலை முடிவதே ஏழுக்கு!

நான் உயிரை விடுகிற பேண்ட் ரசிகர்களுக்குப் போட்டி வைத்திருக்கிறது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அவங்க பாட்டு ஒன்றை முழுசாக டிரம்ஸில் வாசித்து வீடியோ அனுப்ப வேண்டும். யாருடையது பிடிக்கிறதோ அவங்க நம்ம பேண்ட் கூட மேடையில ஒரு பாட்டு வாசிக்கலாம். மேடையில! அவங்க டிரம்மர், நம்ம தலைவரோட டிரம்ஸ்ல! ஆன்லைன்ல வீடியோ பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்ட கைங்க இது.

அம்மா வேறு, “அவர் சொல்றதும் நியாயம்தானேடி” என்கிறாள். நியாயமாம்.

ஜூன் 5
விடமாட்டேன். எழுதி வைக்கிறேன். விடவே மாட்டேன்.

ஜூன் 8
கண்டுபிடிச்சுட்டேன்!!

தெரு நடுவில் போகிற மஞ்சள் கோடுதான் எல்லை. அந்தப் பக்கம் வேறு நகராட்சி. விதிமுறைகளை இணையத்தில் தோண்டி எடுத்தேன். இங்கே ஏழு மணி, ஐம்பது டெசிபல். அங்கே பத்து மணி, அறுபத்தைந்து டெசிபல். எதிரே டயர்க்கடைக்கு மேல் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது. அதன் ஜன்னல் நேராக மாமா வீட்டைத்தான் பார்க்கிறது. ஆஹா.

டயர்க்கடை அண்ணனிடம் கேட்டேன்.

“எலி இருக்கும்மா.”

“இருக்கட்டும்ணா, அதுக்கும் வாசிச்சுக் காட்டுறேன்.”

“யாராவது சண்டைக்கு வந்தா?”

“வரட்டுமே. பத்து மணி வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் வாயைத் திறக்க முடியாது.”

அண்ணன் நம்பவில்லை. விதியைப் போனில் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, “எனக்கும் அனுப்பி வை” என்றார். அனுப்பினேன்.

ஜூன் 11
டயர்க்கடை மாடியில் இன்று முதல் நாள். பாட்டின் தொடக்கத்தில் வருகிற அந்த உருட்டல்தான் இருப்பதிலேயே சத்தமான இடம். அதை மட்டும் வாசித்தேன். நிறுத்தினேன். மாமா அப்பாடா என்று உட்கார்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஜன்னலைச் சாத்தினார். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் மீட்டரைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வந்து பார்த்தார். மீட்டரை இரண்டு தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மூஞ்சி! அதை ஃபோட்டோ எடுத்து வால்பேப்பரா வச்சிருக்கணும்.

ஜூன் 14
மாமா நம் நகராட்சி ஆளைக் கூட்டி வந்திருந்தார். கேட்டில் பேசியது காதில் விழுந்தது.

“சத்தம் எங்க கிளம்புதோ அந்த ஊர் விதிதான் சார்.”

“என் காது இந்த ஊர்லதானே சார் இருக்கு?”

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

ஜூன் 19
இன்று ரெக்கார்ட் பண்ணலாம் என்றுதான் போனேன். மாமா பால்கனியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அதை எப்படி விட முடியும்? மறுபடி அந்த உருட்டல் மட்டும்தான். ரெக்கார்டிங்கை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 23
இன்று பஞ்சு வைத்த காதோடு வந்து உட்கார்ந்தார். பஞ்சா? இருங்க மாமா. கூட ரெண்டு சிம்பலையும் சேர்த்து அடிக்கிறேன்.

ஜூன் 27
டிரம்ஸைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தாகிவிட்டது.

டயர்க்கடை அண்ணன் அந்த அறையை ஜிம்முக்கு விட்டுட்டாராம்!

“என்னண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க?”

“அந்த ஜிம்காரன் இடமே கிடைக்காம அலைஞ்சிட்டிருந்தான்மா. எங்க போனாலும் சத்தம் சத்தம்னு துரத்துறாங்களாம். நீ அனுப்பின விதியைக் காட்டினேன் பாரு, சாவியைப் பிடுங்காத குறை. உனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லச் சொன்னான்.”

தேங்க்ஸாம்.

ஜூன் 30
வேற எவன் எவனோ அனுப்பிட்டான். எங்கிட்ட என்ன இருக்கு அனுப்ப? இத்தனை நாள் ரூம் இருந்துச்சு, டைம் இருந்துச்சு, போன் ஸ்டாண்டு கூட இருந்துச்சு. ஒரு டேக். ஒரே ஒரு டேக் எடுத்தியாடி நீ?

எல்லாம் அந்த மீட்டரால. இல்ல, அந்த ஜிம்காரனால. போ.

ஜூலை 9
இரும்புத் தட்டுகள் தரையில் விழும்போதெல்லாம் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஆடுகிறது. பயிற்சியாளர் ஒருவன் “இன்னும் ஒண்ணு! இன்னும் ஒண்ணு!” என்று கத்திக்கொண்டே இருக்கிறான். பத்து மணி வரை. அம்மா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். அவனையும் விடமாட்டேன். போனில் மீட்டர் ஆப் இறக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

பக்கத்து ஜன்னலில் மாமா. கையில் மீட்டர்.

இரண்டு பேரும் ஜிம் பக்கமாக நீட்டிப் பிடித்தோம்.

“உனக்கு எவ்வளவு காட்டுது?” என்றார்.

“அறுபத்து மூணு.”

“எனக்கும் அதான். அந்தப் பக்கம் அறுபத்தஞ்சு வரைக்கும் விடுவாங்க, ஒண்ணும் பண்ண முடியாது.”

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

“ஏம்மா, அந்தப் பாட்டு அப்புறம் எப்படிப் போகும்?”

“எந்தப் பாட்டு?”

“நீ வாசிப்பியே, தடதடன்னு ஆரம்பிக்குமே, அது. ஒரு நாளாவது முழுசா வாசிப்பேன்னு பார்த்தேன். ஆரம்பத்தைத் தாண்டவே இல்லையே நீ.”

எதிரே தட்டு விழுந்தது. “இன்னும் ஒண்ணு!”

ஜன்னலை நான்தான் முதலில் சாத்தினேன்.