பச்சைப் போனா, சாம்பல் போனா

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சளி காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவைப் பொறுத்தவரை சுகம் என்பதை முக்கால் பங்கு என்று வைத்துக்கொள். மீதிக் கால் பங்கைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பயப்படாதே, படுத்த படுக்கையாகும் விஷயம் இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லியிருக்கலாம், ஆனால் நீ போனை எப்படிப் பிடித்துக்கொண்டு பேசுகிறாய் என்பதும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதனால் ஓரிடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படி, நடந்துகொண்டே படிக்காதே.

போன மாதம் நீ அப்பாவிடம், "இன்னும் என் மேல கோபமாப்பா?" என்று கேட்டாய். அவர், "ஆமா ஆமா, சரி, சாப்பிட்டியா, இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று சொல்லிப் போனை என் கையில் திணித்துவிட்டு நாளிதழுக்குள் போய்விட்டார். அதன் பிறகு பதினோரு நாள் நீ கூப்பிடவில்லை. பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டு, "ஒரு பேச்சுக்குக்கூட இல்லைன்னு சொல்லலையேம்மா" என்றாய். பாலம் கட்டும் வேலைக்காக அவ்வளவு தூரம் போகிறேன் என்று நீ சொன்ன அன்று அவர் "போறதுன்னா போ" என்றது உண்மைதான். அதை எட்டு மாதம் மனத்துக்குள் வைத்திருக்கக்கூடிய மனிதர்தான் என்று நானும் நினைத்தேன். ஆனால் உன்னிடம் அப்படிச் சொல்ல வாய் வராமல், போன் சரியில்லை, ஒரே கரகரப்பு, அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, புதுசு வாங்கப் போகிறோம் என்று சொல்லிவைத்தேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் ஒரு பொய்யைச் சொன்னால் அதை உண்மையாக்கக் கடைவரை நடக்க வேண்டியிருக்கிறது.

கடைக்கு உன் மாமா துணைக்கு வந்தான், சரியாகச் சொன்னால் நான் அவனுக்குத் துணையாகப் போனேன். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் அவனுக்கு ஓய்வு அதிகம் போலிருக்கிறது, மூன்று வாரமாகப் போன்களை ஒப்பிடும் வீடியோக்களாகப் பார்த்துவிட்டு, பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி இரண்டை மட்டும் தேர்ந்து வைத்திருந்தான். ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, ரொம்ப உசத்தியும் இல்லை, மட்டமும் இல்லை. பச்சைக்குப் பேட்டரி இரண்டு நாள் நிற்குமாம், சத்தம் மேலே ஒரு வழியாகவும் கீழே ஒரு வழியாகவும் வருமாம். சாம்பலுக்குக் கேமரா நல்லதாம், திரை ஒரு விரல்கடை அகலம், வெயிலிலும் தெரியுமாம். அப்பா வீட்டிலிருந்தே தீர்ப்புச் சொல்லி அனுப்பியிருந்தார்: "சத்தம் பெருசா வர்றதை வாங்கு. போட்டோ எடுத்து யாருக்கு அனுப்பப் போறோம்." எனக்குச் சாம்பல்தான் பிடித்தது. கடையில் இருந்த பெண் பச்சையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடையாதுங்க மேடம்" என்றாள். நான் சாம்பலை எடுத்ததும் அதே சிரிப்போடு அதே வாக்கியத்தைச் சொன்னாள். இரண்டுமே எப்படியம்மா எல்லாவற்றையும்விட நல்லதாக இருக்க முடியும் என்று கேட்டேன். "நீங்க எதை எடுக்கிறீங்களோ அதுதாங்க மேடம் நல்லது" என்றாள். இந்தப் பெண் சீக்கிரம் பெரிய பதவிக்குப் போய்விடுவாள்.

நான் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று நின்றுவிட்டேன். கடைக்காரர் உன் மாமாவிடம் ஓட்டக் கற்றவர், மூன்று முறை தவறி நான்காம் முறை தேறியவர், அந்த நன்றிக்கு ஏழு நாள் கொடுத்தார், ஒரு கீறல் விழக்கூடாது என்றார். என் தொழில் உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகக் குடிநீர் ஆய்வகத்தில் இருக்கிறேன். பாட்டிலின் மேல் எந்தத் தெருக் குழாய் என்று எழுதியிருந்தால் சோதிப்பவரின் மனம் முன்பே முடிவு கட்டிவிடும் என்பதால் நாங்கள் எண் மட்டும்தான் ஒட்டுவோம். வீட்டிலும் அதையே செய்தேன். அட்டையில் ஒரே அளவாக உறைகள் செய்து, சத்தம் வர ஓட்டை வெட்டி, போன்களை உள்ளே செருகி, ஒன்று, இரண்டு என்று எழுதினேன். நடுவே, தரம் முன்பே தெரிந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைச் சொல்லாமல் நுழைத்து வைப்பதும் எங்கள் வழக்கம், அதனால் நம் பழைய போனையும் ஓர் உறையில் போட்டு மூன்று என்று எழுதினேன். உன் மாமாவைப் பின்தெருவில் தபால்பெட்டிப் பக்கம் நிற்க வைத்து, துணி துவைக்கும் இயந்திரத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு போனுக்கும் கூப்பிட்டு அதிலிருந்து இருபது சொற்களை நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டும், அப்பா முன்னறையில் உட்கார்ந்து காதில் விழுந்ததை எழுத வேண்டும். தண்ணீர்க் குழாய், சோப்புத் தூள், மூடி, வடிகட்டி என்று அவன் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி படித்துக்கொண்டிருந்தபோது நாயோடு நடக்க வந்த ஒருவர் நின்று, இயந்திரம் என்ன விலை என்று விசாரித்தாராம்.

முடிவைக் கேள். ஒன்றாம் எண்ணுக்குப் பதினொன்று. இரண்டாம் எண்ணுக்குப் பதினொன்று. மூன்றாம் எண்ணுக்கு, அதாவது கரகரப்பு என்று நான் உன்னிடம் பழி போட்டேனே அந்தக் கிழட்டுப் போனுக்கு, பன்னிரண்டு. மீதி இடத்தையெல்லாம் அப்பா காலியாக விட்டிருந்தார். அச்சகத்தில் இருப்பவர் இல்லையா, தெளிவில்லாத எழுத்தை ஊகித்து அடிப்பது அவர் அகராதியில் இல்லை. நான் உட்கார்ந்து கேட்டேன், மூன்றிலும் இருபதுக்கு இருபது. மறுநாள் சொற்களையும் எண்களையும் மாற்றி மறுபடி வைத்தேன், பத்து, பன்னிரண்டு, பதினொன்று. மூன்று வெவ்வேறு கிணற்றுத் தண்ணீரும் ஒரே அளவு காட்டினால் நாங்கள் தண்ணீரைச் சந்தேகப்படுவதில்லை, அளக்கிற கருவியைத்தான் திரும்பிப் பார்ப்போம். நானும் திரும்பிப் பார்த்தேன். கருவி நாற்காலியில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை வாயில எதையோ போட்டுக்கிட்டுப் படிக்கிறான், வெறும் வாயோட படிக்கச் சொல்லு" என்றார். போனின் அந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த உன் மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அக்கா, நான் படிக்கிறது அத்தானுக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லச் சொல்லு, நான் போயிட்டே இருக்கேன், இங்க ஒரு நாய் வேற என்னையே பாத்துக்கிட்டு நிக்குது" என்றான். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நான்கு அடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில், "ஏங்க, சமையலறை தீப்பிடிச்சு எரியுது" என்றேன். பென்சிலின் கூரைப் பார்த்துத் திருப்திப்பட்டு அடுத்த பென்சிலை எடுத்தார். பிறகு முன்னால் வந்து நின்று, குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, டீ வேண்டுமா என்று கேட்டேன். "அரை டம்ளர் போதும்" என்றார்.

அவர் எதிரே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவராகத்தான் சொன்னார், "மெஷின் ஓடுற இடத்துல எவன் காதால கேட்டான்? வாயைப் பார்த்துத்தான் பேசிக்குவோம். அதுவே வீட்லயும் வந்துடுச்சு." எப்போதிலிருந்து என்று கேட்டேன். "அது என்ன தேதி போட்டா வரும்?" என்றார். ஒரு பாட்டில் தண்ணீரைக்கூடச் சோதிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் நான். அப்படிப்பட்டவள், இந்த மனிதர் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்டால் பதில் சொல்வதில்லை, இது இவர் குணம் என்று ஒரு சோதனையும் இல்லாமல் முடிவு கட்டி, அதை உன்னையும் நம்ப வைத்திருக்கிறேன். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு வராது.

உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. உன் பெயரைச் சொல்வாரா, வழக்கம்போல உன்னைத் துரை என்றுதான் சொன்னார். "துரை இங்க இருந்தவரைக்கும் கஷ்டமில்லை, எதிர்ல நின்னு சண்டை போடுவா, எல்லாம் புரியும். இப்ப போன்ல ஒரு நாள் வானத்தைக் காட்டுறா, ஒரு நாள் கம்பியைக் காட்டுறா, ஒரு நாள் எவனோ ஒருத்தனோட பூட்ஸ். வாய் எங்க இருக்குன்னே தெரியலை. அதான் சாப்பிட்டியான்னு கேக்கிறேன். அதுக்கு அவ என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிடலாம்" என்றார். போன மாதம் அவள் என்ன கேட்டாள் என்று தெரியுமா என்றேன். "ஏதோ பாலத்தைப் பத்திச் சொன்னா போல இருந்தது. சந்தோஷமா இருக்கட்டும்னு ஆமா ஆமான்னேன்." நீ கேட்டதைச் சொன்னேன், முகத்துக்கு நேராக, மெதுவாக. பென்சில் சீவலையெல்லாம் காகிதத்தில் கூட்டி எடுத்துக்கொண்டு வெளியே போட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர் கால் மணி நேரம் வரவில்லை. வந்து, "பதினோரு நாள் கூப்பிடாம இருந்தாளே, அதுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "இப்பவே போடு போனை" என்றார். போட்டோம், வேலை நேரம், நீ எடுக்கவில்லை. ஏதோ நான்கு தவறிய அழைப்புகள் என்று பதறிக்கொண்டு செவ்வாய்க்கிழமை செய்தி அனுப்பினாயே, அது அதுதான். நான் எழுதுகிறேன் என்றேன். "காது விஷயத்தையெல்லாம் எழுதாதே, அவ்வளவு உயரத்துல நின்னு வேலை பாக்கிற பிள்ளை, கவலைப்படும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, போய் எனக்கு நல்ல பேனாவும் தாளும் எடுத்துவந்து வைத்தார். ஆகவே எழுதுகிறேன்.

போன் எது என்று கேட்பாய். மூன்றாம் சோதனையைப் படத்தோடு வைத்தேன். மாமா முகத்தைக் காட்டிப் படித்தான், சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டேன். பச்சையில் அப்பா இருபதுக்குப் பதிமூன்று, சாம்பலில் பதினேழு. திரை அகலம் வேலை செய்கிறது. சாம்பலை வாங்கிவிட்டோம், சத்தத்துக்காகப் பச்சை கேட்டவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பச்சையை உன் மாமா தனக்கே வைத்துக்கொண்டான். அதன் கேமரா முகத்தைத் தானாகவே தேய்த்து வழவழப்பாக்கிவிடுகிறது, அவனுக்குப் பத்து வயது குறைந்து தெரிந்தது, அதற்கு மேல் அவனுக்கு ஒப்பிட ஒன்றும் இருக்கவில்லை. அப்பா புதன்கிழமை காது டாக்டரிடம் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். காதுக்குள் வைக்கும் கருவியில் நடுத்தர விலையில் இரண்டு இருக்கிறதாம், ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளி நிறம், மாமா இப்போதே வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டான். அவனை டாக்டர் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அறையில் உட்கார்ந்து கூப்பிடு. ஜன்னல் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது, முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழற்றிவிடு, போனைக் கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து வை, எதையும் மென்றுகொண்டு பேசாதே. கத்தாதே, கத்தினால் வாய் கோணிக்கொண்டு அவருக்கு இன்னும் கஷ்டம். ஒவ்வொரு வாக்கியமாகச் சொல். முதலில் சாப்பிட்டியா என்று கேட்பார், பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது, பதில் சொல்லிவிடு. பிறகு போன மாதம் கேட்டாயே, அதே கேள்வியை அதே மாதிரி மறுபடி கேள். பதில் எனக்குத் தெரியும், ஒரே வரியில் இங்கே எழுதிவிடலாம், எழுதமாட்டேன். அது அவர் சொல்ல வேண்டியது. கேட்டுவிட்டு, அவர் யோசிக்கிறாரே என்று நடுவில் வேறெதையும் பேசிவிடாதே. அவர் சொல்லி முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாமல் அப்படியே உட்கார்ந்திரு.

உன் வேலையும் உடம்பும் உறுதியாக இருக்கட்டும், நீ நிறுத்துகிற தூண்கள் எல்லாம் நிமிர்ந்து நிற்கட்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். அங்கே தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், பார்க்கத் தெளிவாக இருக்கிறது என்பதெல்லாம் ஒரு சான்று ஆகாது. ஞாயிறு காலை பத்து மணி, மறந்துவிடாதே, அவர் ஒன்பதரைக்கே சாம்பல் போனைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா