பாறையில் பாதி வெளிச்சம்

பட்டாபிராம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சந்தோஷுக்கு,

விஷ்ணுவின் அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. இருக்கிறோம். நீ போனை எடுப்பதில்லை, மெசேஜைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும். சவுதியில் உன் கம்பெனிக்கே வேலைக்கு வருகிற எங்கள் தெரு தினகரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். உட்காருவான், அவனுக்கு என்னிடம் பயம்.

இங்கே மழை விட்டும் தெருவில் தண்ணீர் வடியவில்லை. விஷ்ணு அப்பா ரயில் ஓட்டிய காலத்துப் பழக்கம் மாறாமல் விடியுமுன் எழுந்து, போக இடமில்லாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சவுதியிலிருந்து பிள்ளையைப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. அவருக்கும் சேர்த்து நான்தான் பேசுகிறேன்.

நேற்று சென்னீர்குப்பத்திலிருந்து உன் மனைவி சௌம்யா குழந்தையோடு வந்தாள். நிவேதிதா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். டிவி ஸ்டாண்டில் இருந்த அத்தனையையும் இழுத்துப் போட்டாள். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த சௌம்யா சட்டென்று அழுதுவிட்டாள். "வெள்ளிக்கெழம ராத்திரியானா விஷ்ணு விழுந்த அந்தப் பாறைக்கே தனியா போறாரும்மா. கேமராவ ஸ்டாண்டுல வெச்சிட்டு, இவரே டார்ச்ச எடுத்துகினு மேல ஏறுறாரு. இன்னாத்துக்குப் போறேன்னு கேட்டா போன வெச்சிடுறாரு" என்றாள். கீழே நின்று பார்க்க ஒரு ஆள்கூட இல்லாமல் ஏறுகிறாயாமே.

சந்தோஷ், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் சில மாதம் உன் பெயரைக் கேட்டாலே எனக்கு ஆகவில்லை. நீ போனில் அழுதுகொண்டே சொன்னதெல்லாம் அப்படியே காதில் இருக்கிறது. ஒரே படத்துக்காகக் கேமராவை ரொம்ப நேரம் திறந்து வைத்துவிட்டு நீ கீழே நிற்க வேண்டும். விஷ்ணு டார்ச்சோடு பாறையைச் சுற்றி ஏறி அதன்மேல் வெளிச்சம் அடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் அப்படியே நிற்க வேண்டும். படம் முடிகிறவரை இரண்டு பேரும் விளக்குப் போடக் கூடாது. இதுதான் உங்கள் ஏற்பாடு. அன்று டார்ச் அணைந்தது. முடித்துவிட்டான் என்று நீ நின்றாய். வானம் நகர நகர நட்சத்திரமெல்லாம் படத்தில் கோடாக விழட்டும் என்று நின்றுகொண்டே இருந்தாய். அவன் பாறை இடுக்கில் விழுந்து கிடந்தான்.

விளக்குப் போடக் கூடாது, சரி. வாய்க்கு யார் பூட்டுப் போட்டது? ஒரு குரல் கூப்பிட்டால் படம் கெட்டுவிடுமா என்று சுவரைப் பார்த்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

விஷ்ணு அப்பா அப்போது ஒன்றே ஒன்று சொன்னார். "எங்க லைன்ல சிக்னல் வெளக்கு அணைஞ்சி கெடந்தா செவப்புன்னு அர்த்தம். வண்டிய நிறுத்திடணும்." உங்களுக்கோ, அணைந்த விளக்கு என்றால் வேலை முடிந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டை நீ மட்டுமா செய்தாய்? என் பிள்ளையும் சேர்ந்துதானே செய்தான். அவன் கீழேயும் நீ மேலேயும் இருந்திருந்தால் அவனும் இப்படித்தான் நின்றிருப்பான். இந்தக் கடிதத்தை உன் அம்மா அவனுக்கு எழுதிக்கொண்டிருப்பாள். இது புரிய எனக்கு இவ்வளவு காலம் ஆகிவிட்டது.

விழுந்ததுமே உயிர் போய்விட்டது, உடனே பார்த்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறது. உண்மையா, பெற்றவர்கள் மனம் ஆறட்டும் என்று எழுதியதா, தெரியாது. நான் நம்புவதென்று முடிவு செய்துவிட்டேன். நீயும் நம்பு.

நீ அனுப்பிய அந்தக் கடைசிப் படத்தை பிரிண்ட் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தாட்சாயிணி, விவரம் தெரியாமல், காலண்டர் படம் மாதிரி இருக்கிறதே என்றாள். பாலைவனம் அழகாகத்தான் இருக்கிறது. மஞ்சள் வெளிச்சம் பாறையில் பாதிவரை ஏறுகிறது. அதற்குமேல் இருட்டு.

போன லீவில் நம் மொட்டைமாடித் தண்ணீர் டேங்கை இப்படி எடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? அவன் டார்ச்சோடு டேங்கைச் சுற்றிச் சுற்றி நடந்தான். படத்தில் டேங்க் கோபுரம் மாதிரி ஜொலித்தது, அவனைக் காணோம். எங்கேடா நீ என்று கேட்டேன். "நிக்காம நடந்துகினே இருந்தா படத்துல வரமாட்டேம்மா" என்றான். தன் மூஞ்சியே இல்லாத படத்துக்கு இந்தப் பாடா என்று திட்டினேன். நீதான் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தாய்.

இப்போது நீ எதற்காக ஏறுகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மீதிப் பாறைக்கும் வெளிச்சம் அடித்து முடித்தாலும் அவன் இறங்கி வரப் போவதில்லை. இன்னொரு பெட்டிதான் வந்து இறங்கும். அதைச் சௌம்யா கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். மறுபடியும் அந்த ஏர்போர்ட்டில் போய் நிற்க எனக்குத் தெம்பு இல்லையப்பா.

அடுத்த மாதம் முதல் வருஷத் திவசம். லீவு போட்டு வா. கேமராவையும் எடுத்து வா. சாப்பிட்டு எல்லோரும் போன பிறகு அதே டேங்கை எடுப்போம். நீ கேமரா பக்கத்தில் நில். டார்ச்சை நான் எடுத்துக்கொண்டு நடக்கிறேன். முழங்கால் வலியோடு மெதுவாகத்தான் நடப்பேன், படத்தில் வந்தாலும் வந்துவிடுவேன், சிரிக்காதே. டார்ச் அணைந்ததும் மட்டும் நீ சும்மா நிற்கக் கூடாது. படம் கெட்டால் கெட்டுப் போகட்டும். உடனே "அம்மா" என்று கூப்பிடு. நான் பதில் சொல்கிறேன்.

நீ நல்லபடியாக இறங்கி வீடு வந்து சேர வேண்டும் என்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்ளும்,

விஷ்ணுவின் அம்மா,
ராஜகுமாரி.