மூன்றாம் நாள் கட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. காய்ச்சல் முழுதாக விட்டதா, கை வலி போயிற்றா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை, தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்து உடைத்துவிட்டு என்னுடையதை மாட்டிக்கொண்டு பேப்பர் படிக்கிறார், கேட்டால் இதில்தான் எழுத்து நன்றாகத் தெரிகிறதாம். என் உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஆனால் நலம் என்று எழுதக் கை வரவில்லை, அது ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம், தடுப்பூசி போட்டு மூன்றாம் நாளும் காய்ச்சல் என்று நீ சொன்னதும் எரிந்து விழுந்தேன், உடனே போய்த் தொற்று இருக்கிறதா என்று பரிசோதனை பண்ணிக்கொள் என்று கத்தினேன். எங்க ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் இதேதாம்மா, நர்ஸா இருந்துக்கிட்டு நீயே இப்படிப் பதறுறியே என்று சிரித்தாய். நான் போனை வைத்துவிட்டேன். உனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது, கடவுள் புண்ணியம். கோபம் உன்மேல் இல்லை பாப்பா. அதற்குச் சில நாள் முன்னால், எங்கள் ஆஸ்பத்திரியில் பெருக்கும் சிட்டு அத்தை எப்படிப் போனாள் என்று நீ கேட்டபோது, ஏதோ காய்ச்சல் என்று மழுப்பிவிட்டேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊழியர்களுக்கு ஊசி போடும் பொறுப்பு என்னுடையது. துப்புரவுப் பெண்கள் யாரும் உள்ளே வரவில்லை, முதல்ல நீங்க போட்டுக்கிட்டு உயிரோட இருங்க, அப்புறம் பார்க்கலாம் என்று கதவோரமே நின்றார்கள். சிட்டுதான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சிஸ்டர் நம்மளைக் கொன்னா போடப் போறாங்க, வாங்கடி என்று முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். போட்ட பிறகு அரை மணி நேரம் நாற்காலியில் காத்திருக்க வேண்டும் அல்லவா, இருபது வருஷத்துல இந்த ஆஸ்பத்திரி என்னை உட்காருன்னு சொன்னது இன்னைக்குத்தான் என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டோம், சிரித்த கையோடு மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

ஆளுக்கு ஓர் அட்டை, அதில் மூன்று நாளுக்கு மூன்று கட்டம். தினமும் போன் பண்ணி உடம்பு எப்படி என்று கேட்டு எழுத வேண்டும், மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். முதல் நாள் உடம்பு வலி என்றாள். இரண்டாம் நாள் காய்ச்சல், கொஞ்சம் இருமலும் இருக்கு சிஸ்டர் என்றாள். ஊசிக்குக் காய்ச்சல் வரும், இருமல் வராது, இருமல் என்றதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பாதிப் பேருக்குக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது, அந்தக் கணக்கிலேயே அவளையும் சேர்த்து, ஊசிக் காய்ச்சல்தான்டி, மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படு என்றேன். மூன்றாம் நாள் வார்டில் இரண்டு நர்ஸ் வேலைக்கு வரவில்லை, எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் அறுபத்து மூன்று அட்டைகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஒருத்தருக்கும் போன் பண்ணாமல், நலம், நலம், நலம் என்று வரிசையாக எழுதிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுந்து நடமாடுகிறவர்கள்தானே என்று ஒரு நினைப்பு. அவள் எழுந்திருக்கவே இல்லையாம்.

ஐந்தாம் நாள் மூச்சு இழுக்க இழுக்கத் தூக்கி வந்தார்கள். ஊசி போடுவதற்கு முன்பே நோய் தொற்றியிருக்கிறது, இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோதெல்லாம், சிஸ்டரே சொல்லிட்டாங்க, சும்மா பயப்படாதீங்க என்றாளாம். என் வார்த்தையை நம்பியே படுத்துக் கிடந்திருக்கிறாள்.

இப்போது ஊசிதான் அவளைக் கொன்றது என்று ஆஸ்பத்திரி பூராவும் பேச்சு. துப்புரவுப் பெண்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் இரண்டாவது ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், நோயாளிகளின் துணியையும் வாளியையும் தூக்குகிறவர்கள் அவர்கள்தான். அவள் வீட்டுக்காரரும் வந்து, ஊசி கொண்டுபோயிடுச்சு, நீங்க என்ன சிஸ்டர் பண்ணுவீங்க என்று என்னைத் தேற்றினார். நான் தலையை ஆட்டினேன் பாப்பா. பழியை ஊசிமேல் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பத்து நாள் இருந்தேன்.

நேற்று அவரை வரச்சொல்லி அட்டையைக் காட்டி, ஊசி இல்லை, நான் பண்ணாத போன்தான் என்று சொல்லிவிட்டேன். எது மூன்றாம் நாள் என்று கேட்டார். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தார். அப்புறம், அன்னைக்குப் பகல் பூரா போனைத் தலைமாட்டுலயே வெச்சிருந்தா சிஸ்டர், நீங்க கேப்பீங்கன்னு, என்றார். எழுந்து போய்விட்டார்.

நாளைக்கு அந்தப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து இதையே சொல்லப்போகிறேன், மேலிடத்துக்கும் எழுதிக் கொடுக்கப்போகிறேன். வேலை போனால் போகட்டும். அப்பாவிடம் சொன்னேன், கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, முதல்ல பாப்பாவுக்கு எழுது என்றார்.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அங்கே அட்டை எழுதும் வேலை உனக்கு வந்தால், கேட்காமல் ஒரு கட்டத்தையும் நிரப்பாதே. இரண்டாவது ஊசி என்றைக்கு என்று மறக்காமல் எழுது. மூன்று நாளும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள், நான் கேட்பேன்.

உன் அம்மா