யார் காட்டினாலும்

கல்மண்டபம், ராயபுரம்
9 ஜூன் 2024

அன்புள்ள கருணா மாமு,

முந்தாநாள் ஸ்கேன் முடிவு வந்தது. கட்டி எங்கும் தெரியவில்லை. டாக்டரே ஆலிஸிடம் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன்.

போனை எடுப்பதில்லை என்று கோபமாமே. நாக்கில் பாதியை எடுத்த பிறகு நான் பேசுவது எனக்கே விளங்கவில்லை. "இன்னாய்யா சொல்ற?" என்று ஆலிஸ் மூன்று தடவை கேட்கிறாள். அதனால்தான் கடிதம்.

கழுத்தைக் கீறியதில் வலது தோள் தொங்கிவிட்டது. கப்பல் தளத்தில் நின்று, கிரேனில் இருந்த உனக்குச் சைகை காட்டிய கை, தோள் உயரத்துக்குக்கூட வரமாட்டேன் என்கிறது. பயிற்சி சொல்லித்தரும் சங்கமித்ரா தினமும் சுவரில் விரல்களை ஏணி ஏறுவதுபோல் ஏற்றச் சொல்கிறாள். காலையில் ஆலிஸோடு காசிமேடு வரை நடக்கிறேன். நடந்த அன்று சோர்வு குறைவு, தூக்கமும் வருகிறது. மீன் விற்கும் அங்கம்மா விடுவதில்லை: "இன்னா சிலுவண்ணே, கப்பல் வந்துகீதா? இவ்ளோ வேகமா போற!"

புகையிலையை விட்டாயிற்று. நீ?

உன் தோஸ்து,
சிலுவைமுத்து

---

பீளமேடு, கோயம்புத்தூர்
24 ஜூன் 2024

அன்புள்ள சிலுவை,

கடிதத்தை மோகனப்ரியாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மாமாகிட்ட கத்துக்கப்பா" என்கிறாள். மகள் வீட்டெதிரே பூங்கா இருக்கிறது. நான்தான் நாற்காலியை விட்டு எழுவதில்லை. கடல் இல்லாத ஊரில் எங்கே பார்த்து நடப்பது?

மத்தியானம் ஆனால் கப்பல் சங்கு கேட்பதுபோல் இருக்கிறது. கிரேனிலிருந்து நான் இறங்கி வருவதற்குள் நீ சாப்பாட்டைப் பிரித்து வைத்திருப்பாய். ஆலிஸ் வைத்த நெத்திலிக் குழம்பு. சாப்பிட்டதும் ஒரே புகையிலை டப்பாவில் ஆளுக்கொரு கிள்ளு. அந்த டப்பா இன்னும் என் பையில்தான். நாற்பது வருஷப் பழக்கம், விடமுடிகிறதா?

கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. காரம் பட்டால் எரிகிறது. வயசானால் ஆயிரம் வரும். மோகனாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

கருணாகரன்

---

கல்மண்டபம்
6 ஜூலை 2024

மாமு,

மோகனாவிடம் நான் சொல்லமாட்டேன். நீ சொல்லவேண்டும். எனக்கும் அப்படி ஒரு திட்டில்தான் ஆரம்பித்தது.

அந்த மழைநாள் ஞாபகம் இருக்கிறதா? நான் 'ஏத்து' என்று விரலைச் சுழற்றிவிட்டேன். கயிறு நழுவியதை நான் பார்க்கவில்லை. டீ விற்க வந்த ரமாபாய் பார்த்துவிட்டுக் கையை நீட்டி ஆட்டினாள். நீ நிறுத்தினாய். "டீக்காரம்மா காட்டுனா நிறுத்திடுவியா?" என்று மேஸ்திரி குதித்தார். நீ கிரேன் கூண்டிலிருந்து கத்தினாய்: "ஏத்துன்னா சிலுவ மட்டும்தான் சொல்லணும் சார். நிறுத்துன்னா யாரு காட்னாலும் நிறுத்தணும்!"

தொங்கிய சரக்குக்கு நேர் கீழே நின்றவன் நான்.

பதினான்காம் தேதி ஞாயிறு காலையில் வீடியோவில் வருகிறேன். பேசமாட்டேன். பார்த்துக்கொள்.

சிலுவை

---

பீளமேடு
19 ஜூலை 2024

அன்புள்ள சிலுவை,

நேற்று ஆஸ்பத்திரியில் என் கன்னத்திலிருந்து கடுகளவு சதை எடுத்தார்கள். மோகனா கூடவே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ கையைத் தூக்கியதும், "மாமா இன்னாப்பா பண்றாரு, டான்ஸா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டுக் கொடுக்க வந்த ஆலிஸை நீ இடது கையால் தள்ளிவிட்டதைப் பார்த்தேன். கை நடுங்கி நடுங்கித் தோள் மட்டத்துக்கு வந்தது. உள்ளங்கை கீழே பார்த்தபடி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம்: ரமாபாய் காட்டிய அதே 'நிறுத்து'. கிரேனை விட்டு இறங்கி இருபது வருஷமான பிறகும் என் வலது கை தானாக லீவரைத் தேடியது. லீவர் இல்லை. டப்பாதான் இருந்தது. எடுத்து மோகனாவிடம் கொடுத்தேன். திட்டையும் காட்டினேன். திட்டினாள், அழுதாள், ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டாள்.

புகையிலை இல்லாமல் ஐந்து நாளாகத் தலை பேஜாரா கீது. பூங்காவைச் சுற்றி நடக்கிறேன். கடல் இல்லைதான். நடக்க முடிகிறது.

முடிவு அடுத்த வியாழன், இருபத்தைந்தாம் தேதி வரும் என்றார்கள். எதுவானாலும் அன்றைக்கே எழுதுவேன். உன் கை தலைக்கு மேலே போக இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்று சங்கமித்ரா சொன்னதாக ஆலிஸ் சொன்னாள். 'ஏத்து' காட்ட அவ்வளவு உயரம் வேண்டுமே. அதுவரை நிறுத்தியே வைத்திருக்கிறேன்.

உன்
கருணா